ஓர் எழுத்துதானே என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நாஜி ஜெர்மனி பற்றிய கட்டுரையில், "யூதர்களின் அட்டையில் 'ஜே' என்ற ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, மற்றபடி அது சாதாரண அடையாள அட்டைதான்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

'யூதர்' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. அந்த எழுத்து என்ன செய்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1938 அக்டோபரில் யூதர்களின் கடவுச்சீட்டுகள் செல்லாது என்று அறிவித்து, சிவப்பு 'ஜே' குத்திய பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். எல்லைக்கு வருபவர்களில் யூதர் யார் என்று தெரிய வேண்டும் என சுவிட்சர்லாந்து அதிகாரிகள் நெருக்கியதும் அதற்கு ஒரு காரணம். தப்பிப் போக வைத்திருந்த காகிதமே வழியை மறித்தது. அட்டைக்கான புகைப்படத்தில் இடது காது தெரிய வேண்டும். பெயரைப் பார்த்து யூதர் என்று தெரியாதவர்கள் 1939 முதல் ஆணானால் 'இஸ்ரேல்', பெண்ணானால் 'சாரா' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசு அலுவலகத்துக்குப் போனால் யாரும் கேட்காமலே அட்டையை நீட்ட வேண்டும். இதில் எது சாதாரணம்?

நான் ஆசிரியையாக இருந்தவள். 1981-லும் 1991-லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன். மதம் என்ன, தாய்மொழி என்ன என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, வெயிலுக்கு மோரும் கொடுத்தார்கள். நாஜிகள் பிடித்திருந்த நெதர்லாந்தின் யூதர்களும் 1941-ல் அப்படி நம்பித்தான் பதிந்துகொண்டார்கள். ஏறக்குறைய 1,40,000 பேரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஜி முகாம்களிலிருந்து திரும்பவில்லை.

மகன் ஆம்ஸ்டர்டாமில் இருந்தபோது அங்குள்ள நாஜி எதிர்ப்பு இயக்க அருங்காட்சியகத்தில் 'ஜே' குத்திய அட்டைகளைப் பார்த்தேன். ஒன்றில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வயதில் ஒரு பெண். அருங்காட்சியகம் இருக்கும் அதே தெருவில்தான், ஊரார் விவரங்களை அட்டைகளில் எழுதி வைத்திருந்த அந்நகரின் மக்கள் பதிவேட்டு அலுவலகம் இருந்தது. 1943 மார்ச் 27 இரவு, போலீஸ் உடையில் போன சிலர் அதற்குத் தீ வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் வேண்டுமென்றே தாமதமாக வந்து, எரியாத அட்டைகளும் ஊறிப்போகும்படி தண்ணீரைக் கொட்டினார்கள். பிறகு அந்தத் தீவைப்புக்காக 12 பேரை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அட்டைகளை அழிக்க உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள், ஐயா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயம் வரும்போதெல்லாம் தங்கள் இதழில் ஹிட்லரின் பெரிய படம் வருகிறது. செத்தவர்களில் ஒருவர் முகம்கூட வருவதில்லை. போலந்தின் வார்சா நகரில் யூதர்களைச் சுவருக்குள் அடைத்து வைத்த கெட்டோவை 'யூதர் குடியிருப்பு' என்று எழுதியபோதும் கடிதம் போட்டேன். திருத்தத்தை விட்டுவிட்டு, தங்களுக்கு நன்றி சொன்ன நாலு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். இருபது வருடமாகப் படிக்கிறவளுக்கு அது வலித்தது.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் கூடவே, 'ஜே' குத்திய ஓர் அட்டையின் படமும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்