பிரான்ஸ் கால்பந்து அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஜோயல் பாட்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1986 ஜூன் 21 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் பிரேசிலுடன் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதியிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆட்டம் 1-1 என்றிருந்தபோது, களமிறங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்த பிரேசிலின் சீக்கோ தள்ளிக் கொடுத்த பந்தோடு உள்ளே நுழைந்த அவருடைய அணித்தோழர் பிராங்கோவை வீழ்த்தியவர் நீங்கள். அதற்காகக் கிடைத்த பெனால்டியைச் சீக்கோ உதைக்க, பாய்ந்து தடுத்தவரும் நீங்களே. பிறகு, சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் வெற்றியை முடிவுசெய்த பெனால்டி ஷூட் அவுட்டில் பிரேசிலின் சாக்ரடீஸ் அடித்த முதல் பந்தையும் தட்டிவிட்டீர்கள். பிரான்ஸ் 4-3 என்று வென்றது.

என் மனத்தில் நிற்பது அதற்கு நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் நடந்தது. மேற்கு ஜெர்மனியுடனான அரையிறுதியின் தொடக்கத்திலேயே ஜெர்மனி வீரர் பிரேமெ தாழ்வாக அடித்த ஃப்ரீ கிக், நீங்கள் விழுந்து அணைத்தும் நிற்காமல், உடலுக்கு அடியில் நழுவி வலைக்குள் உருண்டது. பிரான்ஸ் 2-0 என்று தோற்றது. பழைய ஒளிப்பதிவில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1982இல் புற்றுநோயை வென்று மீண்டு, 1984இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் வலையைக் காத்தவருக்கா இப்படி நேர வேண்டும்!

பயிற்சியாளராகவும் நீங்கள் உயரத்தை எட்டியவர். சக பயிற்சியாளர் ரிக்கார்டோவுடன் இணைந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கிளப் அணியை நடத்தி, 1997இல் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைகளை வென்ற கிளப்புகள் மோதும் ‘கோப்பை வென்றோர் கோப்பை’யின் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றீர்கள். 1998இல் பிரெஞ்சுக் கோப்பை, லீக் கோப்பை என்று பிரான்சின் இரு கோப்பைகளையும் வென்றீர்கள். பின்னர், 2000இல் லியோன் கிளப்புக்குச் சென்று கோல்கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சியளிக்கத் தொடங்கி, 2017 வரை அங்கேயே இருந்தீர்கள். சிலர் இதைப் பதவி இறக்கமாகப் பார்க்கக்கூடும். உங்கள் வாழ்வின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். தொடர்ந்து ஏழு முறை லீக் பட்டம் வென்ற கிரெகோரி கூபே, பின்னாளில் 2018 உலகக் கோப்பையைத் தலைவராக ஏந்திய உகோ லோரிஸ், அந்தோணி லோபெஸ் என மூன்று தலைமுறைக் காவலர்கள் உங்கள் கையில் பயின்றவர்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க ஆசை. எளிய பந்தொன்றைக் கைநழுவவிட்ட இளைஞன் மறுநாள் காலை கையுறையோடு பயிற்சிக்கு வந்து நிற்கும்போது, முதல் பந்தை அவனிடம் எப்படி உதைத்துக் கொடுப்பீர்கள்?

அன்புடன்,
கால்பந்து ரசிகன் ஒருவன்