அம்மிச்சிக்கு மனப்பாடமாக இருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். ஆவியானவரே நேரில் போதிக்கும்போது பழைய உபதேசமும், சபையாக நாம் விசுவாசிப்பதைச் சுருக்கி அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணமும் எதற்கு என்று சென்ற இதழில் ஒரு சகோதரர் கேட்டிருந்தார். கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஜெபத்தின்மேல் அவருக்கு இருக்கும் வாஞ்சை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் காட்டும் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் தம்பி வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர் ஊழியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வெட்டி, வேகவைத்து, காயவைத்த மஞ்சள் மூட்டை மூட்டையாகக் கிடங்கில் இருந்த நேரம். "இப்போது விற்காதே, விலை ஏறும் என்று ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்றார். தம்பி விற்கவில்லை. விலை இறங்கியது, அப்புறம் இன்னும் இறங்கியது. கடைசியில் ஈரோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனபோது விரலி மஞ்சளைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்த வியாபாரி ஒன்றும் பேசவில்லை. உள்ளே பூச்சி துளைத்து மாவாகக் கொட்டியது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். அந்த ஊழியரிடம் கேட்டபோது, "உன் விசுவாசம் குறைவு" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எனக்கு மட்டும் காட்டப்பட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைச் சோதிக்க வழியே இல்லை. பலித்தால் பெருமை அவருக்கு, பலிக்காவிட்டால் குற்றம் கேட்டவனுக்கு.

கட்டுரையாளர் 1 யோவான் 2:27-ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார்: "ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை." சரி, அதற்கு மூன்று வசனம் முன்னால் போய்ப் பார்க்கலாமே. "ஆதிமுதல் நீங்கள் கேள்விப்பட்டது உங்களில் நிலைத்திருக்கக்கடவது" என்றல்லவா யோவான் எழுதுகிறார்? ஆதிமுதல் கேட்டதை விட்டுவிடச் சொல்ல அந்த வசனம் வரவில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மயக்குகிறவர்களிடமிருந்து சபையைக் காக்கவே வந்தது. எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியச் சொல்வதும் இதே நிருபத்தின் நாலாம் அதிகாரம்தான். சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டாமா?

விசுவாசப் பிரமாணம் என்ற அந்த அளவுகோல் லேசில் வந்ததில்லை. அலெக்சந்திரியாவில் ஆரியு என்ற மூப்பர், குமாரனாகிய இயேசுவும் படைக்கப்பட்டவர்தான் என்று போதித்தார். அவரும் வேதவசனத்தைக் காட்டித்தான் பேசினார். அதை விசாரிக்க 325-இல் நிசேயா என்ற ஊரில் பல தேசத்துக் கண்காணிகள், அதாவது பிஷப்மார், கூடினார்கள். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். அதோடு சண்டை ஓயவில்லை. அந்த அறிக்கைக்காக அலெக்சந்திரியாவின் கண்காணி அத்தனாசியு ஐந்து முறை ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. போன வருடம் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன், இயேசுவைப் பிதா முதலில் படைத்தார் என்று ஜெபத்தில் தனக்கு உணர்த்தப்பட்டதாகச் சொன்னான். நல்ல பையன், பொய் சொல்கிறவன் இல்லை. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பே விசாரித்து முடித்த பேச்சு இது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவன் தப்பா, எங்கள் தப்பா?

தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகமே ஓர் உபதேசப் புத்தகம்தான். 1578-இல் கொல்லத்தில் பதினாறு பக்கத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. நம் கொங்கு நாட்டில் லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் 1830-இல் கோயம்புத்தூரில் வேலை தொடங்கியது. அதன் வழிவந்த ஓர் உபதேசியார் வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கித்தான் என் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, கர்த்தருடைய ஜெபமும் பத்துக் கட்டளையும் விசுவாசப் பிரமாணமும் மனப்பாடம் ஆயின. அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலக்கடலை உரிக்கும்போது வாய் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அம்மிச்சியின் கணவரான அப்புச்சி திடீரென்று இறந்த வாரத்தில் ஒருவர் வந்து, இந்த வீட்டில் மறைவான பாவம் இருப்பதாகத் தனக்கு வெளிப்பட்டது என்றார். அம்மிச்சி அழுதுகொண்டேதான் பதில் சொன்னார்: "ஏனுங்க, பிறவிக் குருடனைப் பார்த்து இவன் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமான்னு கேட்டதுக்கு ஆண்டவர் ரெண்டும் இல்லைன்னுட்டாரே. உங்களுக்கு வேற ஆராச்சும் சொன்னாங்களாங்க?" வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்க நான் சொல்லவில்லை. ஆலயத்துக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்ததும் நம் முன்னோர் பழக்கம்தான். ஆனால் 'பொதுவான பரிசுத்த சபை' என்று விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் அறிக்கையிட்ட வாயால் அந்தப் பழக்கத்துக்கு நியாயம் சொல்ல முடிந்ததா? அந்த வரியே எதிரே வந்து நின்றது.

இதழுக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு பக்கம் ஒதுக்கி விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக விளக்குங்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் என் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி போன வாரம், "பாதாளத்தில் இறங்கினார்னா என்னங்க டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருக்கிறேன். முடிந்தால் அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.