பெரியப்பச்சி பெட்டி கிடைத்துவிட்டது

அன்புள்ள சோமு,

இங்கு எல்லாரும் நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். நேரில் வரும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். இப்போது விஷயத்தைக் கேள். பெரியப்பச்சியின் பினாங்குப் பெட்டி கிடைத்துவிட்டது!

ரெண்டாங்கட்டில் ஓடு மாற்ற ஆள் விட்டிருந்தோம். சாமான் அறையை ஒழிக்கும்போது எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு அடியில் இருந்தது. பூட்டு துருப்பிடித்து உடைக்க வேண்டியதாயிற்று. உள்ளே கிட்டங்கிக் கணக்கு நோட்டுகள், அதற்கும் கீழே நம்முடைய இரண்டு இங்கிலீஷ் சினிமா போஸ்டர்கள். எட்டாக மடித்தது மடித்தபடியே.

பட்டாலையில் விரித்துவைத்து ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் வானத்துக்குக் கீழே, மேம்பாலச் சாலையின் இரண்டு பக்கமும் கால் பரப்பி நிற்கிறாளே, அந்த ஐம்பதடிப் பெண். கையில் எலுமிச்சம்பழம் போல ஒரு கார். கீழே எறும்பாக ஓடும் ஜனம். நிறம் துளி மங்கவில்லை. இன்னொன்று நீ 'கானாடுகாத்தான் மாப்பிள்ளை' என்பாயே, அந்த ரோபோ. மயங்கிய பெண்ணைக் கையில் ஏந்திக்கொண்டு அதே மிடுக்கோடு நிற்கிறார். பின்பக்கம் பார்த்தால், சோமு, நம் பென்சில் கணக்கு அப்படியே இருக்கிறது! ஐம்பது அடியை வளவுத் தூணின் உயரத்தால் வகுத்திருக்கிறோம். வகுத்தது நீ. விடை தப்பு.

ஐம்பதடிப் பெண்ணின் படத்தை, 'அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் வுமன்', போன வருடம்தான் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். 1958இல் சொற்பக் காசில் எடுத்த படம். பாலமும் இல்லை, கையில் காரும் இல்லை. ராட்சசி வரும் இடத்தில் இரண்டு காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பதால் அவளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அவள் உடம்பு வழியாகவே தெரிகிறது. உன் மாப்பிள்ளையின் படம் 'ஃபர்பிடன் பிளானட்' (1956) நல்ல படம்தான். ஆனால் அதிலும் ராபி என்கிற அந்த ரோபோ சாதுவான வேலைக்காரன். போஸ்டரில் இருப்பதுபோல் எந்தப் பெண்ணையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. அப்படியானால் நாம் அந்த வயதில் தூக்கம் கெட்டுப் பார்த்தது எந்தப் படத்தை? வரைந்தவர் மனதில் ஓடிய படத்தை. பாலத்தை நிறுத்தியதும் காரை அவள் கையில் கொடுத்ததும் அவர்தான்.

அவர் பெயர் ரெனால்ட் பிரவுன். 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்', 'டரான்டுலா' எல்லாம் அவர் கைதான். 1976இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதற்கப்புறமும் மனைவியின் துணையோடு நிலக்காட்சிகள் வரைந்துகொண்டே இருந்து 1991இல் காலமானார். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி என் கவலை. அண்ணன் மகன் வீட்டின் முன்கட்டை விருந்தினர் விடுதியாக்கியிருக்கிறான், தெரியுமல்லவா? போஸ்டரைப் பார்த்ததும், "சித்தப்பா, லாமினேட் பண்ணி முகப்பில் மாட்டிடலாம்" என்றான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சூடு வைத்து பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது. வேலை தெரிந்தவர்கள் செய்வது வேறு. மெல்லிய ஜப்பான் காகிதமும் பின்னால் துணியும் வைத்து மாவுப் பசையால் ஒட்டுவார்கள். நாளைக்கு வேண்டாமென்றால் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிடலாம். மடிப்பு மூலையில் நாம் அன்று ஒட்டிய செல்லோடேப்பே பழுப்பாகிக் காகிதத்தை அரித்திருக்கிறது. பட்டாலையில் ரவிவர்மா லட்சுமிக்கு மட்டும் ஜரிகை தைத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாலு தலைமுறையாகப் பூ வைக்கிறோமே, அதுவும் அச்சுக்கூடத்துத் தாள்தானே என்று கேட்டேன். பதில் இல்லை.

அவனுக்கு உறைக்கட்டும் என்று 'மெட்ரோபோலிஸ்' கதையைச் சொன்னேன். 1927ஆம் வருடத்துப் படம். அதன் ஜெர்மன் போஸ்டர் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்குப் போனது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நம்முடையது அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் இப்போது லாமினேஷன் போய் விற்பனை வந்துவிட்டது. பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டான். அந்த ஆள் எச்சில் விரலால் மடிப்பைப் பிரிக்கப் போனார். நான் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு சரியில்லை.

என் பேச்சை அவன் கேட்க மாட்டான். உன்னிடம் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மரியாதை. வந்து அந்தப் பின்பக்கக் கணக்கை அவனுக்குக் காட்டு. யார் எழுதியது, எந்த மதியத்தில், உன் ஆத்தா எதற்காக நம் இரண்டு பேரையும் வெளுத்தார்கள், எல்லாம் சொல். விலையைத் தவிர வேறு எதையாவது அவன் அந்தத் தாளில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த நாளில் நமக்கு இங்கிலீஷ் ஏது? பூதக்கண்ணாடி வைத்து இப்போதுதான் படித்தேன். இது விநியோகக் கம்பெனியின் சொத்து, படம் ஓடி முடிந்தவுடன் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று போட்டிருக்கிறது. பினாங்குத் தியேட்டர்காரர் அனுப்பவில்லை, பெரியப்பச்சியிடம் கொடுத்துவிட்டார். அவர் கப்பலில் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தார்.

ஆடி பிறப்பதற்குள் வா. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

உன்,
அண்ணாமலை