ஏற்காடு தொகுதியில் செல்வாக்கு எங்கே அளக்கப்படுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், பதவியில் இருப்பவருக்குக் கட்சி மீண்டும் வாய்ப்பளிக்குமா, தொகுதியில் அவருக்குச் செல்வாக்கு எப்படி என்ற பேச்சுதான் நாளிதழ்களிலும் தேநீர்க் கடைகளிலும் முன்னே நிற்கிறது. எங்கள் ஏற்காடு தொகுதியில் அந்தச் செல்வாக்கு எந்த ஊர்களில் அளக்கப்படுகிறது என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. ஏற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரியும் காபித் தோட்டங்களும் நினைவுக்கு வரலாம். ஆனால் தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பாலோர் வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் என்று சமவெளியில் இருக்கிறார்கள். சேர்வராயன் மலையின் கிராமங்களையும் கல்வராயன் மலையின் கருமந்துறைப் பகுதியையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது. ஆகவே வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் வெல்வாரா என்பதைச் சமவெளி முடிவு செய்கிறது. மறுமுறை வெற்றி தேடுகிற எவருக்கும் வாக்கு அதிகம் உள்ள இடத்தில்தான் கவனம் செல்லும். இதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை, கணக்கு அப்படி அமைந்துவிட்டது.

உறுப்பினரின் மறைவையொட்டி 2013 டிசம்பர் 4 அன்று இங்கு நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவி 78,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தமிழகத்தில் நோட்டா பொத்தான் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்ததும் அந்தத் தேர்தலில்தான். 4,000-க்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினார்கள். அதன்பின் 2016-இல் தேர்ந்தெடுத்த உறுப்பினரையே 2021-இலும் தொகுதி மறுபடி அனுப்பியது. செல்வாக்கு நிலையானது என்று இதைக் கொண்டு எவரும் எண்ணிவிட வேண்டாம். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே 1996-இல் தோற்றார்.

மறுமுறை போட்டியிடுபவர் வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, கல்வித் தகுதி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. புதிதாக நிற்பவருக்கு அது தேவையில்லை என்பது சரி. பதவியில் இருந்துகொண்டே வாக்குக் கேட்பவருக்கும் அதே படிவம் போதும் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பதவிக் காலத்துக்கு 15 கோடி ஆகிறது. அதில் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் போன்ற மலை ஊராட்சிகளுக்கு வந்தது எவ்வளவு, அடிவாரத்திலேயே நின்றது எவ்வளவு என்பதை வாக்காளர் அறிந்தால்தான் செல்வாக்கு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கும்.

நிதியைவிட முக்கியமானது சட்டமன்றத்தில் பேசிய பேச்சு. வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை மானியக் கோரிக்கைகள் (அத்துறைகளின் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பவை) விவாதத்துக்கு வரும் நாட்களில் எங்கள் உறுப்பினர் எழுந்து கேட்ட கேள்விகள் எவை? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படியான பட்டா, பிள்ளைகளுக்கான பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், காபி, மிளகுத் தோட்டங்களுக்குள் புகும் காட்டெருமைகள், மழைக்காலத்தில் மண்சரிந்து மலைப்பாதை அடைபடும்போது அவசர நோயாளியைச் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் மாற்று ஏற்பாடு ஆகியவை மலைவாழ் மக்களின் கேள்விகள். சமவெளி மேடைகளில் இவை கைதட்டல் பெறுவதில்லை. தனித்தொகுதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டதே இவற்றைப் பேசத்தான்.

எனவே எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், மீண்டும் வாக்குக் கேட்டு வருபவர் பிரசாரம் தொடங்கும் முன் ஒவ்வொரு மலை ஊராட்சியிலும் ஒரு கூட்டமாவது நடத்தி இந்தக் கணக்கை நேரில் சொல்ல வேண்டும். தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பும், வெற்றி வாய்ப்பைக் கணிப்பதற்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, மேம்பாட்டு நிதிப் பணிகளை ஊராட்சி வாரியாகவும் சட்டமன்றக் கேள்விகளைத் துறை வாரியாகவும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.