ஏமன் கிணறுகள்: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஏமன் கிணறுகளுக்கு சோலார் பம்பு மாட்டும் நம் திட்டத்தின் இரண்டாம் கட்ட அறிக்கையில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. போனில் சொல்லாததற்கு மன்னியுங்கள்; போனில் என்றால் சிரித்தே என்னைச் சரிக்கட்டிவிடுவீர்கள். நாலு பேர் படிக்கும் இடம் என்பதால் ஊர்ப் பெயரும் நிதி தந்தவர் பெயரும் இங்கே வராது.

2014 ஜூலையில் அரசு டீசல் மானியத்தை வெட்டியதும் தலைநகர் சனாவின் மக்கள் தெருவில் இறங்கிய கதை உங்களுக்குத் தெரியாததா? டீசலே கிடைக்காத ஊருக்கு சோலார் பம்பு வரம்தான். நான் அதற்கு எதிரி என்று கூட்டத்தில் சொன்னீர்களே, அதுதான் ஆறவில்லை.

அந்த ஊருக்குப் போன அன்று பம்பின் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தீர்கள். நீர்மட்ட சென்சார் சேர வேண்டிய இரண்டு முனைகளுக்கும் நடுவே விரல்நீள வயர்த் துண்டு. சென்சார் அறுந்து பம்பு நின்றபோது மெக்கானிக் போட்ட ஜம்பர், அதாவது சென்சார் இருப்பதாகவே பெட்டியை நம்பவைக்கும் குறுக்கு வயர். அதன்பின் கிணறு வற்றினாலும் பம்புக்குத் தெரியாது. நீங்கள் யாரையும் திட்டவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் குந்தி, நாடா இறக்கி மட்டம் அளக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

ஆனால் அறிக்கையில் அந்த வயரைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை கிலோவாட் மாட்டினோம் என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் தண்ணீர் ஏற, இழப்புகளோடு அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட். ஐந்தாறு கன மீட்டரோடு சரி. பம்பை நிறுத்த வைத்தது அந்தச் செலவுதான். வெயிலுக்குக் காசில்லை, விடிந்ததிலிருந்து பம்பு காத் (அங்கே போதைக்காக மெல்லும் இலை) தோட்டத்துக்கு ஓடும். பேனல் வாங்க வசதியுள்ளவர் இன்னும் ஆழமாகத் துளைப்பார், பக்கத்துக் கிணறு வறளும்.

‘நீரெடுப்பை அரசு கண்காணிக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அரசு? எண்ணெய்க் காசில் நடந்த அரசு அது. ஹூதி கிளர்ச்சியாளர்கள் கையிலுள்ள வடக்கில் அரசு ஊழியர்களுக்கு 2016இலிருந்தே ஒழுங்கான சம்பளமில்லை. எண்ணெய்த் துறைமுகங்கள் மீது 2022 அக்டோபரில் நடந்த ட்ரோன் தாக்குதல்களுக்குப் பின் எண்ணெய் ஏற்றுமதியும் நின்றது.

பம்பு தேர்வுக்கு முன் 24 மணி நேரமாவது இறைத்துச் சோதிக்க வேண்டும். கிணறு தாங்கும் அளவுக்கே பேனல். குழாயில் மீட்டர். உறிஞ்சுவாய்க்குச் சில மீட்டர் மேலே சென்சார், ஊரிலேயே ஒரு உதிரி. மதியத்துக்கு மேல் குடிநீர்த் தொட்டிக்குத் திருப்ப ஒரு வால்வு. நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே இதெல்லாம்?

பேனல்களில் சிலவற்றைக் குறைத்தாலே இதற்குக் காசு வரும். கணக்குத் தாளை இன்றிரவு அனுப்புகிறேன். பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.