குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை: பொதுக்குழு உறுப்பினர்களின் பார்வைக்கு

ஊர்ப் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் குடிநீர்த் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஆற்றுத் தண்ணீருக்கென்று தனித் தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு தனிக் குழாய் பதிக்கும் வேலை முடிந்துவிட்டது. பழைய தொட்டியைக் கழுவி வெள்ளையடித்தாயிற்று. அடிபம்புகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியாயிற்று. வேலியும் போட்டாயிற்று. இவற்றைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. மதிப்பீட்டைத் தாண்டி ஏன் செலவானது, ஒப்பந்தக்காரரை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்பவைதான் டீக்கடை முதல் கோயில் திண்ணை வரை கேட்கப்படும் கேள்விகள். அவற்றுக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம் என்பது புதிய செய்தி அல்ல. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் ஆழ்துளைக் கிணற்று நீர், அதாவது போர் தண்ணீர், இந்த இரண்டாவது வரம்பையும் தாண்டியது. ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். முளைத்து வரும் பல்லில் காவிக் கறை படிந்தால் பிறகு மாறாது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிவிடுகின்றன. குனிந்து களை எடுக்க முடியாதவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இந்தக் கேட்டைத் தடுக்கத்தான் 1,928 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பான் கடனுதவியோடு, காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. நாமோ, வந்த காவிரித் தண்ணீரை போர் தண்ணீர் ஏறும் அதே தொட்டியில் விட்டுக் கலந்து குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் பிரிப்பதற்காகத்தான் இந்தத் திருப்பணியே எடுக்கப்பட்டது.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். தொட்டியைக் கெட்டியாகவே கட்டினார். அதில் குறை சொல்ல மாட்டோம். குழாய் பதித்து, மேலே சிமென்ட் சாலையும் போட்டு முடித்த பிறகு, தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி பெற்ற நம் மகளிர் குழுப் பெண்கள் ஐவர் புதுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்கள். சோதனைக் குப்பியில் மருந்துத் துளிகள் விட்டால் நல்ல தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நிற்க வேண்டும். கீழத்தெருக் குழாயில் பிடித்தது கண்ணெதிரே மஞ்சளுக்குத் திரும்பியது. மறுநாள் பிடித்ததும் அப்படியே. தோண்டிப் பார்த்தபோது போர் குழாயையும் ஆற்றுக் குழாயையும் இணைத்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டுக் குழாய், நடுவே ஒரு கேட் வால்வு, அதன்மேல் ஒரு கடப்பைக் கல். வால்வு சரியாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. மதிப்பீட்டிலும் வரைபடத்திலும் அப்படி ஒன்று கிடையாது.

கோடையில் ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் உதவும் என்று வைத்தேன், கலந்தால் ஃபுளோரைடு குறையத்தானே செய்யும் என்றார் அவர். அளவு பார்த்துக் கலந்தால் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் எதோடு கலப்பது? அன்று தொட்டியில் நிற்பது முழுக்கப் போர் தண்ணீர்தானே? கசிவை அடைத்து வால்வைப் பூட்டி வைத்தால் போதாதா என்று உறுப்பினர்கள் சிலர் இப்போதும் கேட்கிறார்கள். சித்திரை மாதத்தில் இருநூறு குடம் வரிசையில் நிற்கும்போது, தண்ணீர் திறந்துவிடும் பையன் அந்தப் பூட்டைக் காத்து நிற்பானா? நின்றால் அவனை ஊர் விட்டுவைக்குமா? அதனால் அந்த இணைப்பையே வெட்டி எடுப்பது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஒப்பந்தக்காரர் மறுத்தார், கடைசிப் பில்லை நிறுத்தி வைத்தோம். பெரிய மனிதர்கள் மூலம் சொல்லி அனுப்பினார். அதற்கும் நாங்கள் இணங்கவில்லை. வேறு ஆள் வைத்துச் சாலையை உடைத்து, இணைப்பை எடுத்து, இரு முனைகளையும் அடைத்து, சாலையை மறுபடி போட்டோம். கூடுதல் செலவு முழுவதும் இதற்கானதுதான். அவர் பில்லில் பிடித்த தொகை அதில் பாதிக்குத்தான் ஈடானது. இதே நிலை மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வோம்.

சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கியிருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். அது கழித்துவிடும் நீரில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதை யார் நிலத்தில் விடுவது?

பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தவர்கள்: மேட்டு வீட்டார், கிணற்றடி வீட்டார், மணியக்காரர் வகையறா, மளிகைக் கடைக் குடும்பத்தார், அரிசி ஆலைக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மேலத்தெரு, கீழத்தெரு மகளிர் குழுக்கள், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகள், திருப்பூரிலிருந்து அனுப்பியவர்கள், ஒசூர் ஆலைகளில் வேலை செய்யும் தம்பிமார், மணல் ஓட்டிய டிராக்டர்காரர்கள், சாலை உடைத்த மூன்று நாளும் சோறு போட்ட கோயில் கட்டளைதாரர்கள். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பாட்டிமாரும் உண்டு. அவர்கள் பெயரும் பெரிய தொகை கொடுத்தவர்களின் பெயரும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. தொகை விவரமும் அதிலேயே உள்ளது. பில்களும் வங்கிப் புத்தகமும் படிப்பகத்தில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

சிவப்பு வண்ணம் பூசிய அடிபம்புகளின் போர் தண்ணீர் துவைக்கவும் கழுவவும் மட்டுமே. மாடுகளுக்கும் அந்தத் தண்ணீரைக் காட்ட வேண்டாம். அவற்றின் பல்லையும் எலும்பையும்கூட அது கெடுக்கும். சோதனை மருந்து தீரும் நிலையில் இருக்கிறது. கையிருப்பில் உள்ள தொகையை அதற்கே ஒதுக்க வரும் பொதுக்குழுவில் ஒப்புதல் கேட்கிறோம்.

இவண்,
செயலாளர்,
குடிநீர்த் திருப்பணிக் குழு