பலா சீசனுக்கு முன்னால் உரிம வேலையை ஒரே இடத்தில் முடித்துக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டிப் பலா சீசனில் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரத்து கூடிவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை. பழுத்த பழம் நல்ல விலை வரும்வரை காத்திருக்காது. அதனால்தான் விவசாயிகள் கூட்டத்துக்கு வருகிற அதிகாரிகள் எல்லாரும் "மதிப்புக்கூட்டி விற்றுப் பாருங்கள்" என்கிறார்கள். அதை நம்பி நானும் என் நாத்தனாரும் சுளை சிப்ஸும் உலர்ந்த சுளையும் போடலாம் என்று இறங்கினோம். இந்த வருஷ சீசன் முடிந்துவிட்டது. ஒரு பாக்கெட் கூடக் கடைக்குப் போகவில்லை.

அரசுக் கட்டணம் எங்களுக்குப் பாரம் இல்லை. சிறு தயாரிப்பாளருக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். பாக்கெட் போட்டு விற்பவர்கள் எடையளவுச் சட்டத்தின்கீழ் செய்யும் பதிவுக்கு 500 ரூபாய். ஆனால் கணினி மையத்துக்கு, வரைபடம் போடுபவருக்கு, ஆய்வகச் சோதனைக்கு, லேபிள் அச்சுக்கு என்று போகிற பணத்துக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. ஒரு சுளையை அரிவதற்கு முன்னாலேயே நாத்தனாரின் வளையல் அடகுக்குப் போய்விட்டது.

எங்களை மடக்கிப் போட்டது மின் இணைப்புதான். தோட்டத்து மோட்டாருக்கு இருக்கும் இலவச மின்சாரத்தில் உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. அது நியாயம்தான், தனி இணைப்பு கேட்டோம். இட உரிமைச் சான்று கேட்டார்கள். பட்டா காலமான என் மாமனார் பெயரிலும் அவர் தம்பிகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு சின்ன மாமனார் சிங்கப்பூரில். இன்னொருவர் வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்தில் பாகம் பிரித்து, பட்டா மாற்றி, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்? அதிலும் பெண்கள் பேரில் எத்தனை? சரி, வங்கிக் கடனாவது வாங்கி வேறு இடத்தில் கொட்டகை போடலாம் என்று போனால், அங்கே முதல் கேள்வியே மின் இணைப்பு இருக்கிறதா என்பதுதான். குறு உணவுத் தொழில்களுக்கு 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தருவதாக மத்திய அரசு 2020-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த மானியமும் வங்கிக் கடன் வழியாகத்தான் வரும்.

உணவுப் பதிவின் கதையும் கேளுங்கள். 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி 7 நாளில் பதிவு தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். எதுவும் நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த விதியே சொல்கிறது. தொடங்கி என்ன செய்வது? பாக்கெட்டில் 14 இலக்கப் பதிவு எண் இல்லாமல் எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? எங்கள் விண்ணப்பம் ஒரு அலுவலகத்தில் ஆனி முடியும்வரை கிடந்தது. ஏன் என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை.

அதனால் கேட்கிறேன். சீசனுக்கு முன்னால் பண்ருட்டியில் ஒரே இடத்தில் முகாம் போட்டு, உணவுப் பாதுகாப்பு, எடையளவு, மின்சாரம், வருவாய் என்று இந்த நாலு துறையும் சேர்ந்து உட்கார்ந்து எங்கள் காகிதங்களைப் பார்க்க வேண்டும்.

2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. அப்புறம் கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து ஆளாக்கிய மரங்கள் இவை. புயலுக்குப் பிறகு ஊர் ஊராக வந்து கணக்கெடுக்க முடிந்த அரசாங்கத்தால், காய்த்த பிறகு நாலு துறையை ஒரு மேசையில் உட்கார வைக்க முடியாதா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் மரத்தடியில் பழம் அழுகுகிற வாடையோடு இந்த ஆடியை நாங்கள் கழித்திருக்கிறோம்.

கூட்டுப் பட்டாக்காரர்களுக்கு, நிலம் அவர்கள் அனுபவத்தில் இருக்கிறது என்கிற வருவாய்த் துறைச் சான்றையோ கிராம நிர்வாக அலுவலரின் சான்றையோ வைத்துச் சிறு மின் இணைப்பு தர வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். ஆகும் மொத்தச் செலவையும் தமிழில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் வாங்கும்போதே, எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது கொடுக்கச் சொல்லுங்கள்.

தை பிறந்ததும் அந்த முகாமை நடத்தித் தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பங்குனிக்குப் போனால் அடுத்த சீசனும் கைவிட்டுப் போய்விடும்.

இப்படிக்கு,
பண்ருட்டி வட்டத்துப் பலா விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி